தூங்கி எழுந்த குற்றம்

காலை ஏழு மணி ரோல்காலில் நாற்பத்தோரு கைகள் நீண்டன. நாற்பது பச்சை, ஒன்று சிவப்பு.

சிவப்பு, முப்பிடாதியின் கை.

டிவி ரிமோட்டைத் தட்டுவது மாதிரி மணிக்கட்டில் இருந்த காப்பை இரண்டு தட்டு தட்டினாள். நிறம் மாறவில்லை. சுவரில் இருந்த பெட்டி, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில் அறிவித்தது: "முதல்நிலைக் காவலர் முப்பிடாதி. இயல்பு நிலையிலிருந்து விலகல். ஆயுதம் வழங்க வேண்டாம். மூன்று நாள் கட்டாய ஓய்வு."

சங்குமேடு காவல் நிலையமே ஒரு நொடி மூச்சை நிறுத்தியது. ஓய்வு என்ற வார்த்தையை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை.

"யட்டி, எந்தக் கடையில வாங்குன இந்தச் சிவப்ப?" என்று கேட்டார் ஏட்டு காதர் மைதீன். "எனக்கும் ஒண்ணு சொல்லி வையி."

வரிசை முழுக்கச் சிரித்தது. முப்பிடாதியும் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க. சிரித்து முடித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். மற்றவர்களின் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டிருந்தது. கண்ணுக்கு ஏறவே இல்லை.

அந்தக் காப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பேர் 'மனக்காப்பு'. வந்து மூன்று வருடம் ஆகிறது. போலீஸ்காரர்கள் வேலைப்பளுவில் மனம் உடைந்து போகிறார்கள், உயிரை விடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு எழுந்தபோது, ஒரு கம்பெனி செய்து கொடுத்த கருவி. நாடித்துடிப்பு, வியர்வை, தூக்கம், குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் அளக்கும். இயல்பாக இருந்தால் பச்சை, இயல்பிலிருந்து விலகினால் சிவப்பு. சிவப்பு வந்தவருக்குத் துப்பாக்கி அறை திறக்காது, கட்டாய ஓய்வு. விதி என்னவோ தங்கமான விதிதான். மூன்று வருடத்தில் சங்குமேட்டில் ஒருத்தருக்கும் சிவப்பு வரவில்லை. அதனால் மேலிடத்துக்கு ஒரே சந்தோஷம். நம்ம ஆட்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று பேட்டி கொடுத்தார்கள்.

இப்போது முப்பிடாதிக்கு வந்திருக்கிறது. அதுவும் பத்தொன்பது நாள் லீவு முடிந்து வந்த அன்றைக்கு.

அந்த லீவு அவள் கேட்டு வாங்கியதில்லை. அம்மை போட்டிருந்தது. போலீஸ் குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பிலை செருகிய உடனே இன்ஸ்பெக்டர் ஜெபசிங்கே போன் போட்டு, "அம்மா தாயே, ஸ்டேஷன் பக்கம் தலை வச்சுப் படுத்துராத. போன்கூட பண்ணாத" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். அப்பா செத்ததற்கு இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டு ஒன்றரை நாளில் கூப்பிட்ட ஸ்டேஷன் அது. அம்மைக்கு முன்னால் மட்டும் அடங்கியது. வேப்பிலையைத் தாண்டி எந்த மெமோவும் உள்ளே வரவில்லை.

முதல் ஐந்து நாள் காய்ச்சலும் அரிப்பும். அதற்கப்புறம் தூக்கம். அப்படி ஒரு தூக்கம் உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தால் காலை எட்டு. மத்தியானம் இன்னொரு ரவுண்டு. பன்னிரண்டாம் நாள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இளநீருக்கு ருசி இருப்பது தெரிந்தது. பதினைந்தாம் நாள் வீதியில் யாரோ சத்தமாகக் கதவைச் சாத்தினார்கள். அவள் துள்ளி எழவில்லை. படுத்தபடியே, "யாரு வீட்டுக் கதவோ" என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். ஆறு வருட சர்வீஸில் முதல்முறை.

அப்படித் தெளிந்து வந்தவளுக்குத்தான் சிவப்பு.

மூன்று நாள் ஓய்வு எடுத்துவிட்டு வந்தாள். முன்னைவிட அடர்த்தியான சிவப்பு. இன்னும் மூன்று நாள் ஓய்வு. திரும்பி வந்தால் ரத்தச் சிவப்பு. இதற்குள் ஸ்டேஷனில் சிரிப்பு வற்றிப் போயிருந்தது. அவளுடைய டூட்டியை வேறு யாராவதுதானே பார்க்க வேண்டும்? காதர் ஏட்டு தன்னுடையதையும் பார்த்து அவளுடையதையும் பார்த்தார். புகார் எழுதும் ரைட்டர் அவளைக் கண்டால் பேனாவை மேசையில் டொக்கென்று வைத்தார். மூன்றாவது சிவப்பு வந்ததும் மெமோ வந்தது. தங்கள் மனநிலை இயல்பிலிருந்து விலகியதற்கான விளக்கத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அளிக்க வேண்டும் என்று.

முப்பிடாதி அன்றே பதில் எழுதிக் கொடுத்தாள்.

"மேற்படி பத்தொன்பது நாட்களில் எனக்கு அம்மை கண்டிருந்ததால் என்னை யாரும் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடாததால் நான் தூங்கினேன். தூங்கியதால் நன்றாக இருக்கிறேன். இனிமேல் இவ்வாறு நிகழாது என்று எழுதித்தர இயலாத நிலையில் உள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

ஜெபசிங் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்.

"என்னம்மா இது? மெமோவுக்கு பதிலா, வம்புக்கு வெத்தல பாக்கா?"

"நடந்ததத்தான எழுதிருக்கேன் ஐயா."

"நடந்தத எழுதுறதுக்கா போலீஸ் வேலைக்கு வந்தோம்?" என்றார். சொன்னபிறகு அவருக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "கேளு. வெள்ளிக்கிழம மாடியில டிஎஸ்பி முன்னால மெடிக்கல் போர்டு. அன்னைக்கும் சிவப்பா இருந்தா, மனத்தகுதி இல்லன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவான். வேலையும் போவும், குவார்ட்டர்ஸும் போவும். உங்கம்மாவ எங்க கொண்டு போயி வைப்ப?"

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"புதன், வியாழன் தேர் பந்தோபஸ்து. துப்பாக்கி வேண்டாம், கம்ப வச்சுக்கிட்டு நில்லு. ரெண்டு நாள் கண்ணு மூடாத. கூட்டத்துல நின்னு நாலு பேர்கிட்ட ஏச்சு வாங்கு. வெள்ளிக்கிழம பச்சக் கிளி மாதிரி வந்து நிப்ப. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, தூங்காதே என்று சொல்வது. இந்த இடத்தில் அப்படி ஆகிப்போயிருந்தது.

புதன்கிழமை காலை கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஓவியா என்று பேர், இருபத்தைந்து வயதிருக்கும். காப்பில் ஏதோ பழுது என்று புகார் போனதால் சோதிக்க வந்தவள். ஸ்டேஷனுக்குப் பின்னால், பறிமுதல் பண்ணி நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு, மடிக்கணினியைத் திறந்து, முப்பிடாதியின் காப்பை வயரில் மாட்டினாள். காதர் ஏட்டு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு அங்கேயே ஒரு பைக் சீட்டில் உட்கார்ந்தார்.

ஓவியா பத்து நிமிடம் திரையையே பார்த்தாள். பிறகு, "அக்கா, இது பழுதே இல்ல" என்றாள்.

"அப்ப நான்தான் பழுதா?"

"நீங்களும் இல்ல. உங்க தூக்கம், நாடி எல்லாம் அப்படியே பாடப்புத்தகத்துல இருக்குற மாதிரி இருக்கு." நகத்தைக் கடித்தாள். "இயல்புன்னு நாங்க எத வச்சிருக்கோம்னு பாத்தேன். காப்பு குடுத்த புதுசுல முப்பது நாள் இந்த ஸ்டேஷன் ஆட்களோட அளவெல்லாம் எடுத்து, அதோட சராசரியத்தான் இயல்புன்னு போட்டுருக்கோம். அது எந்த மாசம்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? எலெக்சன் முடிஞ்ச மறுநாளு" என்றார் காதர். "அதுக்கு முந்தி நாப்பது நாளு ஒருத்தரும் வீட்டுக்குப் போவல. நான் ஓட்டுப் பெட்டி வச்சிருந்த பள்ளிக்கூடத்து பெஞ்சிலதான் நோம்பு தொறந்தேன். முடிஞ்சு வந்தவுடனே காப்ப மாட்டுங்கன்னு சொன்னானுவ. மாட்டுனோம். மறுநாளே மந்திரி வருகை."

"அதான் ஏட்டையா. அந்த முப்பது நாள் நீங்க எப்படி இருந்தீங்களோ, அதுதான் மனுஷனோட இயல்புன்னு கருவிக்குச் சொல்லிக் குடுத்துட்டோம். அதுக்கு அப்புறம் நீங்க அதே மாதிரியே இருந்தீங்க. அதனால பச்சை. இவங்க மட்டும் தூங்கி எந்திரிச்சு வந்தாங்க. அதனால சிவப்பு."

முப்பிடாதி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"லிங்கதுரை" என்றாள்.

ஓவியாவுக்கு அந்தப் பேர் தெரியாது. காதர் ஏட்டு எழுந்து நின்றார். லிங்கதுரை இதே ஸ்டேஷன் கான்ஸ்டபிள். போன வருடம் ஆவணியில், காலை ரோல்காலுக்கு வந்து நின்றான். மத்தியானம் உயிரோடு இல்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். இருபத்தேழு வயது.

"அவன் அளவு உன்கிட்ட இருக்கா தங்கச்சி?" என்று கேட்டாள் முப்பிடாதி.

ஓவியா தயங்கித் தட்டினாள். "இருக்கு. அன்னைக்குக் காலையில ஏழு மணி. பச்சை."

"பச்சைதான்" என்றார் காதர். குரல் எங்கேயோ இருந்தது. "அவன் பக்கத்துல நின்னது நான்தான். ஏட்டையா, எனக்கு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னான். நான் அவன் கையப் பாத்தேன். பச்சை. பச்சையாத்தானல இருக்கு, போயி சோலியப் பாருன்னு சொன்னேன். விசாரணையில அதையே எழுதியும் குடுத்தேன். காப்பு பச்சை, வேலைப்பளு காரணமில்ல, குடும்பப் பிரச்சனைன்னு மூடிட்டாவ. அவங்க அய்யா என் கையப் புடிச்சுக்கிட்டு, என் பிள்ளைக்கு வீட்டுல என்ன குறை வச்சோம்னு கேட்டாரு."

உள்ளே ரைட்டர் யாரையோ போனில் திட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இத மாத்த முடியுமா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"முடியும். நல்லா இருக்குற ஒரு ஆளோட அளவு வேணும். அதே வேலை, அதே ஊரு, ஆனா களைப்பில்லாத ஆளு. ஒருத்தர் போதாதுதான். ஆனா தூங்காத நாப்பது பேருக்கு தூங்குன ஒருத்தர் எவ்வளவோ மேல். உங்க சம்மதம் வேணும், நிலைய அதிகாரி கையெழுத்து வேணும்." ஓவியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இன்னொண்ணு. நீங்க தேருக்குப் போயி ரெண்டு நாள் முழிச்சு நின்னீங்கன்னா, இந்த அளவு கெட்டுப்போயிரும். அப்புறம் எனக்கு எடுக்க ஆளே கிடையாது. இதுலயே மாவட்டம் முழுக்கத் தேடிப் பாத்துட்டேன்."

முப்பிடாதி தேருக்குப் போகவில்லை. புதன்கிழமை சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். வியாழக்கிழமை அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டு, கருவாட்டுக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டுத் தூங்கினாள். வேலை போய்விடும் என்ற பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடே தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை போர்டு. டிஎஸ்பி அலுவலகம் ஸ்டேஷனுக்கு மேல் மாடியில்தான். டிஎஸ்பி வித்யாசாகர் நாற்பது வயதுக்காரர், மணிக்கட்டில் பச்சைக் காப்போடு, முகத்தில் ஒரு மடிப்பும் விழாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போலீஸ் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. ஓரமாக ஜெபசிங்கும் ஓவியாவும்.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

"பதினாலு வருஷமா போலீஸ்காரங்களுக்கு பிபி பாக்கேன். நூத்திப்பதினாறுக்கு எழுபத்தாறுன்னு எழுதுறது இதுதான் முதல் தடவ" என்றார். "சார், இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே இல்ல."

"அப்ப ஏன் சிவப்பு?"

ஓவியா விளக்கினாள். டிஎஸ்பி குறுக்கே பேசாமல் கேட்டார். முட்டாள் இல்லை அவர். கேட்டு முடித்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி. ஒரு தப்பு நடந்திருக்கு, ஒத்துக்கிறேன். முப்பிடாதி காப்ப மட்டும் தனியா மாத்தி விட்டுருங்க. பச்சை வந்துரும். மெமோவ நான் கிழிச்சுப் போடுறேன். நாளைக்கே டூட்டிக்கு வரட்டும். என்னம்மா, சந்தோஷமா?"

ஜெபசிங் அப்பாடா என்று மூச்சு விட்டார். முப்பிடாதி விடவில்லை.

"மத்தவங்க காப்பு ஐயா?"

"அது பச்சையாத்தான இருக்கு."

"லிங்கதுரைக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு."

டிஎஸ்பியின் முகத்தில் முதல் மடிப்பு விழுந்தது. "நாற்பது பேருக்கும் ஒரே நாள்ல சிவப்பு வந்தா, ஊர யாரு பாக்குறது? நீ பாப்பியா?"

"தூங்காதவன் பாத்தா மட்டும் பாத்துருவானா ஐயா? போன மாசம் ரைட்டர் ஒரு புகார மூணு தடவ எழுதிட்டு, புகார் குடுத்தவர் பேருக்கு எதிர்ல குற்றவாளின்னு போட்டுட்டாரு. காதர் ஏட்டு ஜீப்ப எடுத்துட்டுப் போயி சுவத்துல சாத்துனாரு. கேட்டா, பிரேக்குன்னு நெனச்சேன்னு சொல்லுதாரு. ஊர யாரும் பாக்கல ஐயா. கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கோம், அவ்வளவுதான்."

"முப்பிடாதி, வார்த்தைய அளந்து பேசு."

"சரி ஐயா. அப்படின்னா ஒரே ஒரு விண்ணப்பம். காவலர்கள் தூங்காம இருக்கணும், அதுதான் இயல்புன்னு எழுத்துல ஒரு ஆர்டர் குடுங்க. கீழ்ப்படியுறேன். மாட்டேன்னு சொல்ல நான் யாரு?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் வெள்ளைத்தாள் இருந்தது, பேனாவும் இருந்தது. டிஎஸ்பி இரண்டையும் தொடவில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் தாரேன்" என்றார். "காப்ப மாத்திக்கிட்டு வேலைக்கு வா. இல்லன்னா தகுதியில்லன்னு எழுதிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

படி இறங்கும்போது ஜெபசிங் பாதியில் நின்றார். "ஏம்மா, கிடைச்சத வாங்கிட்டுப் போவ வேண்டியதுதான? ஊருக்கெல்லாம் உன்னத்தான் நேர்ந்து விட்டிருக்கா?"

"நான் பச்சை வாங்கிட்டு நிப்பேன் ஐயா. பக்கத்துல ஒருத்தன் எனக்கு ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லுவான். நான் அவன் கையப் பாப்பேன். அப்புறம் என்ன சொல்லணும், நீங்களே சொல்லுங்க."

கீழே காதர் ஏட்டு நின்றிருந்தார். தன் கையை இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது, கிளாஸைக் கொடுத்தால் டீ சிந்துகிற அளவுக்கு. மணிக்கட்டில் காப்பு பச்சையாக மின்னியது.

"ரெண்டு வருசமா இப்படித்தான் ஐயா" என்றார்.

ஜெபசிங் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நிறுத்திப் பார்ப்பது மாதிரி பிடித்தார். நிற்கவில்லை. அப்போதுதான் முப்பிடாதி பார்த்தாள், பிடித்திருந்த கையும் நடுங்கியது.

"ஏ பிள்ள ஓவியா" என்றார் அவர், திரும்பாமலே. "கருவி பழுதுன்னு எழுதி, இயல்ப மாத்தச் சொல்ல நிலைய அதிகாரிக்கு அதிகாரம் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். இந்தக் கட்டடம் முழுக்க ஒரே யூனிட்தான்."

"டிஎஸ்பி ஒப்புதல்?"

"தனி ஆளுக்கு மாத்துறதுக்குத்தான் அது வேணும். யூனிட்டுக்கு நீங்க போதும்."

"இந்த விதியக் கொண்டு வந்தவன் யாரோ, நல்லா இருக்கட்டும்" என்றார் ஜெபசிங். "ரெண்டு வருசத்துல வீட்டுக்குப் போவப் போறேன். சார்ஜ் மெமோவ பிரேம் போட்டு மாட்டிக்கிடுதேன். எங்க போடணும் கையெழுத்து?"

ஜீப்பின் பானட்டில் வைத்துப் போட்டார். கீழே முப்பிடாதி போட்டாள். மணி நாலே முக்கால்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. நாற்பத்தோரு கைகள் நீண்டன.

பெட்டி வாசிக்க ஆரம்பித்தது, பேர் பேராக. ஒவ்வொரு பேருக்கும் அதே வரி. விலகல். ஆயுதம் வழங்க வேண்டாம். மூன்று நாள் கட்டாய ஓய்வு. ரைட்டர் முதலில் சிரித்தார். பத்தாவது பேருக்கு வாயை மூடினார். இருபதாவது பேருக்கு வரிசையில் நின்ற ஒரு பெண் போலீஸ் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். யாரும் அவளைப் பார்க்காத மாதிரி நின்றார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று மூன்று வருடமாக ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள் போல. ஜெபசிங் பேர் வந்தபோது அவர் சல்யூட் அடித்தார், பெட்டிக்கு.

வாசிப்பு முடிந்தது. நாற்பது சிவப்பு. ஒரு பச்சை.

துப்பாக்கி அறைக் கதவு முப்பிடாதிக்கு மட்டும் திறந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். ஆட்கள் ஒவ்வொருத்தராக அவளைக் கடந்து போனார்கள். போகத் தெரியாமல் போனார்கள். காதர் ஏட்டு கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"பட்டப்பகல்ல வீட்டுக்குப் போயி என்னட்டி செய்ய?"

"தூங்குங்க ஏட்டையா."

"வரலன்னா?"

"சும்மா படுத்துக் கிடங்க. கட்டாய ஓய்வு. படுக்கலன்னா மெமோ வரும்."

காதர் ஏட்டு சிரித்தார். கண்ணுக்கு இன்னும் ஏறவில்லை. ஆனால் பாதி வழி வந்திருந்தது.

ஏழே முக்காலுக்கு மேசை போன் அடித்தது. எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் எங்க?" டிஎஸ்பியின் குரல். மாடியிலிருந்துதான் பேசினார்.

"ஓய்வுல இருக்காரு ஐயா."

"ரைட்டர்?"

"ஓய்வு."

"அங்க வேற யாருதான் இருக்கா?"

"முதல்நிலைக் காவலர் முப்பிடாதி இருக்கேன் ஐயா. அடுத்த ஸ்டேஷன்ல இருந்து பத்துப் பேரு கிளம்பிட்டாங்க, எட்டரைக்கு வந்துருவாங்க. புகார் ஒண்ணு வந்துச்சு, ஆடு காணாமப் போச்சுன்னு. எழுதிட்டேன்."

மறுமுனையில் கத்தல் வரும் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நீளமான மூச்சு.

"இந்தக் கட்டடம் முழுக்க ஒரே யூனிட்டாமே" என்றார் டிஎஸ்பி.

"ஆமா ஐயா."

மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கூரை வழியாகவே கேட்டது.

"முப்பிடாதி" என்றார். குரலில் இப்போது அதிகாரம் எதுவும் இல்லை. "என் காப்பும் சிவப்பாயிருச்சு. துப்பாக்கி அலமாரி பூட்டிக்கிச்சு. கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது. வீட்டுக்குப் போகச் சொல்லுது."

"போங்க ஐயா" என்றாள் முப்பிடாதி. "நான் பாத்துக்கிடுதேன்."